மாட்டேன் என்ற மகன்

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்தோத்திரம். கர்த்தருடைய கிருபையினால் இங்கே யாவரும் சுகம். உங்கள் கடிதம் வந்த அன்று மனைவியின் கண் பரிசோதனைக்காக வேலூருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். பதில் தாமதித்ததற்கு அதுவே காரணம். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மெய்யான விசுவாசத்தை எதைக் கொண்டு அறிவது என்று கேட்டிருந்தீர்கள். ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது மத்தேயு சுவிசேஷம் 21ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையின் இரண்டு குமாரர்கள்தாம் நினைவில் நின்றார்கள். திராட்சத்தோட்டத்துக்குப் போகச் சொன்ன தகப்பனிடம் "மாட்டேன்" என்றவன் பின்பு மனம் வருந்திப் போனான். "போகிறேன் ஐயா" என்றவன் போகவேயில்லை. அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரும் முதலில் மாட்டேன் என்றவரே. மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தும் இந்தியாவில் ஊழியம் செய்வதில்லை என்றிருந்த அவர், நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூவர் தனித்தனியே வந்து, பிரசவ வேதனையில் தவிக்கும் தங்கள் மனைவியருக்கு உதவ அழைத்தார்கள். வைத்தியரான தம் தகப்பனாரை அனுப்புவதாக அவர் சொல்லியும், ஆண் வைத்தியர் பார்க்க அவர்கள் சம்மதிக்கவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அந்த இரவில் யாருக்கும் கண்ணீர் வந்திருக்கும். என்னை யோசிக்க வைப்பது அதற்குப் பின் வந்த வருஷங்கள்: அமெரிக்காவில் மருத்துவம் படித்து, 1899இல் பட்டம் பெற்று, 1900இல் திரும்பி வந்து, வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியத்தைத் தொடங்கி, 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியும் திறந்தார். கீழ்ப்படிதல் என்பதற்கு இத்தனை நீளம் உண்டென்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

நான் "போகிறேன் ஐயா" என்ற மகன். "நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" என்ற வசனத்தைச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்து ஓய்வுநாள் பள்ளியில் பரிசு வாங்கியவன், ஒரு வரப்புத் தகராறுக்காகப் பதினொரு வருஷம் அண்ணன் வீட்டுப் படியேறவில்லை. (பாடகர் குழுவில் மட்டும் ஒரு ஞாயிறும் தவறியதில்லை.) வேலூரிலிருந்து திரும்பிய மறுநாள் போனேன். மதினி காப்பி கொடுத்தார்கள். அண்ணன் செய்தித்தாளிலிருந்து தலை நிமிரவில்லை. அடுத்த வாரமும் போனேன். உட்காரச் சொன்னார், அவ்வளவுதான். வரப்பு அவர் சொல்லும் இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்ல நினைத்து, சொல்லாமலே வந்துவிட்டேன்.

சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்கு நீங்கள் வரும்போது ஒருநாள் முன்னதாகவே வாருங்கள். நீங்கள் கூட இருந்தால் அண்ணன் பேசக்கூடும். எனக்கும் அதைச் சொல்லத் தைரியம் வரும்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்