சம்சாரம் அது மின்சாரம்: சேர்ந்து பாக்க வெச்ச எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கெழம சாயங்காலம் நம்ம அப்பார்ட்மெண்ட் ஹால்ல சம்சாரம் அது மின்சாரம் போட்டோம்ல, அதுக்கு ஒத்தாசை பண்ணவங்களுக்கு தனித்தனியா போன் பண்றத விட எல்லாரும் படிக்கற மாதிரி எழுதிடலாம்னுதான் இந்த மடல். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க, ஏன்னா நன்றி சொல்ல வேண்டியவங்க நம்ம பில்டிங்ல மட்டும் இல்ல, அந்தப் படத்துல நடிச்சவங்களும் இருக்காங்க, அவங்கள்ல பல பேரு இப்ப உசுரோட இல்ல.

மொதல்ல சவுண்ட் சர்வீஸ் தம்பிக்கு. படம் முழுக்க பேச்சுதான், ஒரு வீடு, அதுல ஒரு குடும்பம், சண்டையும் சமாதானமும் எல்லாம் வாயாலதான் நடக்குது, வசனம் காதுல விழலன்னா படமே இல்ல. நம்ம ஹால் எக்கோ பத்தி சொல்லவே வேணாம், அசோசியேஷன் மீட்டிங்லயே யாரு என்ன பேசறாங்கன்னு புரியாது. தம்பி வந்ததும் நடுவுல நின்னு ரெண்டு தடவ கை தட்டிப் பாத்தாரு, உடனே வீட்டுக்கு வீடு ஜமக்காளம் கேட்டு வாங்கிட்டு வரச் சொல்லி ஜன்னல்லயும் பின் சுவத்துலயும் கட்ட வெச்சாரு. பெரிய பாக்ஸ் ரெண்டும் வேணாம்னு ஓரமா தள்ளிட்டு சின்ன ஸ்பீக்கர் நாலு எடுத்து ஸ்டூல் மேல, உக்காந்திருக்கவங்க காது உயரத்துக்கு வெச்சாரு, பேஸ் சத்தத்த நல்லா குறைச்சாரு. மூணாவது மாடி பாட்டி, டிவில எதப் போட்டாலும் என்ன சொல்றான் என்ன சொல்றான்னு கேப்பாங்க, அன்னிக்கு ஒரு தடவ கூட கேக்கல. தம்பி, இது பணம் வாங்கிட்டு செய்யற வேலைக்கு ரொம்ப மேல, மனசார நன்றி.

இப்ப படத்துக்கு வரேன். 1986ல ஏவிஎம் எடுத்தது, விசு சார் எழுதி டைரக்ட் பண்ணி அம்மையப்ப முதலியாரா அவரே நடிச்சாரு, சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருது, தங்கத் தாமரை, மொத மொதல்ல ஒரு தமிழ்ப் படத்துக்கு வந்துச்சுன்னா அது இதுக்குத்தான். ஆனா கதைய மட்டும் சொல்லிப் பாருங்க, ரிட்டயர்மெண்ட் வயசுல ஒரு அப்பா, காசுக்கு கணக்கு பாக்கற மூத்த பையன், கோவத்துல வீட்டு நடுவுல கோடு போட்டுப் பிரிச்சிடறது, மூத்த மருமக வந்து எல்லாத்தையும் சரி பண்றது. இந்த மாதிரி கதை நாடக மேடைல எத்தனையோ வந்திருக்கு. இத நம்ம தூக்கி வெச்சுக் கொண்டாட காரணம் நடிச்சவங்கதான், ஒருத்தர் கூட சும்மா வந்துட்டுப் போகல.

ரகுவரன எடுத்துக்கோங்க. மூத்த பையன் சிதம்பரத்த வில்லனா பண்ணியிருந்தா சுலபமா போயிருக்கும், அவரு அப்படி பண்ணல, தன் பக்கமும் நியாயம் இருக்குன்னு நம்பற ஒரு மனுஷனா பண்ணாரு, அதனாலதான் அப்பாவும் பையனும் வார்த்தைய விடறப்போ யாரு பக்கம் பேசறதுன்னு நமக்கே தெரியல. லட்சுமி அம்மா அதுக்கு முன்னாடியே சில நேரங்களில் சில மனிதர்கள் படத்துக்கு தேசிய விருது வாங்கினவங்க, இங்க மூத்த மருமக உமாவா வந்து முக்கால்வாசி படத்துக்கு அமைதியா இருந்துட்டு கடைசில தனியாத்தான் இருப்போம்னு எடுக்கற முடிவு இருக்கே, அதுக்கு ஹால்ல பெரியவங்க கை தட்டினத பாத்து எனக்கு ஆச்சரியமா போச்சு. கமலா காமேஷ் அம்மா எல்லாருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கற அம்மா கோதாவரி, அந்த முகத்துல எங்க பெரியம்மாவயே பாத்தேன். கிஷ்மு, விசு சாரோட தம்பி, ஆல்பர்ட் பெர்னாண்டஸா வந்து சம்பந்தி முறுக்க அவ்ளோ அழகா காட்டுவாரு. சந்திரசேகர், டெல்லி கணேஷ், இளவரசின்னு இன்னும் சொல்லிட்டே போலாம்.

மனோரமா ஆச்சிய மட்டும் தனியா சொல்லணும். படத்துல கண்ணம்மா அந்த வீட்ல வேல செய்யறவங்க, ஆனா குடும்பத்துக்காக ஆல்பர்ட் கிட்ட மல்லுக்கு நிக்கறப்போ, அந்த "கம்முனு கெட" வர்றப்போ, நம்ம ஹால்ல ஜமக்காளம் கட்டியும் சத்தம் தாங்கல. அன்னிக்கு நம்ம வீடுகள்ல வேல செய்யற அக்காங்களையும் குடும்பத்தோட வாங்கன்னு கூப்பிட்டிருந்தோம், மொத ரெண்டு வரிசை சேர் அவங்களுக்குத்தான்னு செக்ரட்டரி சார் சொல்லி வெச்சிருந்தாரு, அதுக்கு அவருக்கு ஸ்பெஷல் நன்றி. கண்ணம்மா வர்ற ஒவ்வொரு சீனுக்கும் சிரிப்பு மொதல்ல அங்கேந்துதான் கெளம்புச்சு. ஒரு அக்கா திரும்பி என்கிட்ட, "இந்தம்மா பேசறது எங்க தெருவுல பேசற மாதிரியே இருக்குக்கா, நடிக்கறாங்கன்னே தோணல"ன்னாங்க. ஆச்சி 2015ல போயிட்டாங்க, இத அவங்க காதால கேட்டிருக்கணும்னு இருந்துச்சு எனக்கு. வேலைய முடிச்சிட்டு நேரா வந்து உக்காந்த அக்காங்க எல்லாருக்கும் நன்றி, நீங்க வராம இருந்திருந்தா அந்தப் படத்த நாங்க பாதிதான் பாத்திருப்போம்.

புரொஜெக்டர் குடுத்த டியூஷன் சாருக்கு, சுண்டலும் டீயும் பாத்துக்கிட்ட பி பிளாக் மாமிக்கும் அவங்க மருமகளுக்கும், நடுவுல அழுத கொழந்தைங்கள வெளிய கூட்டிட்டுப் போயி வெளையாட்டு காட்டின காலேஜ் பசங்களுக்கு, எல்லாம் முடிஞ்சு ராத்திரி சேர் அடுக்கி ஹால கூட்டி விட்ட வாட்ச்மேன் அண்ணனுக்கு நன்றி. விசு சார் 2020 மார்ச்ல, ஊரே அடைஞ்சு கெடந்த நேரத்துல போனாரு, பத்து பேரு கூடி அஞ்சலி செலுத்தக் கூட வழியில்லாம போச்சு, அதனால அவருக்கும் இங்கயே என் நன்றிய சொல்லிக்கறேன்.

ஜமக்காளம் எல்லாம் மடிச்சு ஆபீஸ் ரூம்ல இருக்கு, அவங்கவங்களோடத பாத்து எடுத்துக்கோங்க. அடுத்த தடவ காதலிக்க நேரமில்லை போடுங்கன்னு பாட்டி கேட்டிருக்காங்க, சவுண்ட் சர்வீஸ் தம்பி கிட்ட கேட்டுட்டேன், வரேன்னுட்டாரு, தேதி மட்டும் செக்ரட்டரி சார் சொல்லணும்.