படிக்கட்டுக் கதவின் செங்கலை எடுத்துவிடுங்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நாகர்கோவிலில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போயிருந்தோம். நாங்கள் மாட்டிக் கொடுத்த தீத்தடுப்புக் கதவுகள்தான், ஆனால் நான்கு மாடியிலும் திறந்தே கிடந்தன. இரண்டுக்குச் செங்கல் முட்டு. ஒன்றைக் கைப்பிடிக் கம்பியோடு கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். இன்னொன்றில், கதவைத் தானாக மூடவைக்கும் டோர் குளோசரின் கையையே கழற்றிவிட்டார்கள். "ஆடிக் காத்துல கதவு படார் படார்னு அடிக்குது, பிள்ளை தூங்க மாட்டேங்குது" என்றார் ஒரு அக்கா.

அவர் சொல்வது நியாயம்தான். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று நம் படிக்கட்டுக்குள்ளும் நுழைகிறது. ஆனால் அதற்கு மருந்து செங்கல் இல்லை. குளோசர் பெட்டியில் வேகத்துக்குச் சின்னத் திருகுகள் உண்டு. ஒன்று கதவு வரும் வேகத்துக்கு, மற்றது கடைசியில் தாழ் விழும் வேகத்துக்கு. கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினால் சத்தம் அடங்கிவிடும். முழுக்கக் கழற்றினால் எண்ணெய் ஒழுகி குளோசரே போய்விடும், அதனால் எங்களைக் கூப்பிடுங்கள்.

தீயைவிடப் புகைதான் முதலில் ஆளைச் சாய்க்கும். கீழ்வீட்டில் அடுப்படி பற்றினால், திறந்த கதவு வழியாகப் புகை படிக்கட்டில் ஏறும். பிறகு படிக்கட்டு முழுவதும் புகைபோக்கிதான். மேல்மாடிக்காரர்கள் இறங்குவதற்கு வேறு வழி ஏது? 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு எரிந்து 72 பேர் இறந்தார்கள். தானாக மூடாத கதவுகளால் புகை வேகமாகப் பரவியது விசாரணையில் தெரியவந்தது. இன்று இங்கிலாந்தில் 11 மீட்டருக்கு மேல் உயர்ந்த குடியிருப்புகளில் பொதுப் பகுதியின் தீத்தடுப்புக் கதவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று சட்டமே உண்டு.

நீங்களும் சோதிக்கலாம். கதவைப் பாதி திறந்து கையை விடுங்கள். அதுவாகவே வந்து தாழ் விழ வேண்டும். நிலைச்சட்டத்துக்கும் கதவுக்கும் இடையே சுமார் 3 மில்லிமீட்டர், அதாவது இரண்டு ஒரு ரூபாய்க் காசை அடுக்கிய அளவு இடைவெளிதான் இருக்கலாம். குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கம் உப்புக்காற்றில் கீல் துருவேறி கதவு இறங்கிவிடுகிறது. அங்குள்ளவர்கள் அடிக்கடி பாருங்கள்.

அப்புறம், மழையில் மரக்கதவு உப்பி உரசினால் ஆசாரியைக் கூப்பிட்டு இழைப்புளி போட்டுவிடாதீர்கள். கதவின் ஓரத்தில் ஓடும் பட்டை, தீப்பிடித்தால் சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் பலமடங்கு உப்பி இடுக்கை அடைக்கக்கூடியது. அதைச் செதுக்கினால் கதவு வெறும் பலகைதான். பெயிண்டரிடமும் அதன்மேல் பூச வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

நாங்கள் மாட்டிய கதவுகளுக்குக் குளோசர் சரிசெய்யக் கூலி வாங்க மாட்டோம். கதவு மூடுவதைப் போனில் வீடியோ எடுத்து அனுப்புங்கள், தேவையான சாமானோடு வருகிறோம். அதுவரை செங்கலை மட்டும் எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கதவுப் பட்டறையினர்,
நாகர்கோவில்