நாயோடு மலைக்குப் போகலாமா என்று கேட்ட நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்து மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு லேசானது. வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்திருக்கிறது என்ற சேதி அதைவிடப் பெரிய சந்தோஷம். வாயில்லா ஜீவனை மலைக்கெல்லாம் இழுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் போகலாம். ஒன்றே ஒன்றில் மட்டும் என் பேச்சைக் கேள்: எந்த மலையானாலும் சரி, கூடாரம் அடித்த இடத்தில் இரண்டு ராத்திரியாவது தங்கு.

இந்தக் கோடையில் நானும் என் நாய் செவலையும் போய்வந்தோம். அவளுக்கும் வயசாகிவிட்டது, மூக்கைச் சுற்றி நரை ஏறிவிட்டது. போன இடத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. எனக்குச் சொர்க்கம்தான். ஆனால் முதல் ராத்திரி அவள் கண்ணை மூடவே இல்லை. நாம் அமைதி என்று நினைக்கிற இடம் நாய்க்கு அமைதி இல்லையடா. நம் காது எட்டுவது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான், அவர்களுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். சருகுக்கடியில் எலி ஓடினாலும் தெரிந்துவிடும். படுப்பாள், காது விறைக்கும், எழுந்து உட்காருவாள்.

ஒன்று கவனித்தேன், உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும். பகலில் வெயில் பட்டுச் சூடான காற்று சரிவில் மேலே ஏறும். இருட்டியதும் தரை குளிர்ந்து, காற்று திரும்பிக் கீழே இறங்கும். சாயங்காலம் வரை செவலை பள்ளத்தாக்கைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். இருட்டிக் கொஞ்ச நேரத்தில் எழுந்து, அப்படியே திரும்பி, மேட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். மூக்கு நுனி ஈரத்தோடு துடித்துக்கொண்டே இருந்தது. என் முகத்தில் காற்று திசை மாறியது எனக்குத் தெரிந்தது அதற்கு அப்புறம்தான். பகலெல்லாம் கீழ்க்காட்டின் சேதி வந்தது, இப்போது மேல்காட்டின் சேதி. அத்தனையும் புதுசு என்றால் எப்படித் தூங்குவாள்?

மறுநாள் நான் எங்கேயும் ஏறவில்லை. நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் போனேன். ராத்திரி முழுக்கக் காற்றில் வந்த வாசனை ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்ப்பதுபோல, புதர் புதராக நின்று முகர்ந்தாள். ஒரு பட்ட மரத்தடியில் மட்டும் எவ்வளவு நேரம் நின்றிருப்போமோ! அன்று ராத்திரி கூடாரத்துக்குள் வந்து என் காலோரம் விழுந்தவள்தான், குறட்டை. தினம் ஒரு இடமாக மாறிக்கொண்டே போகிறவர்களின் நாய்க்கு எல்லா ராத்திரியும் முதல் ராத்திரிதான். பாவம்.

மற்றபடி நீ பயப்படுவதுபோல் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. 1,000 மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி போலக் குளிர்ச்சி கூடும். ஆனால் அதை நம்பிக் குட்டியைக் காருக்குள் பூட்டிவிட்டுப் போகாதே. வெளியே இதமாக இருந்தாலும் உள்ளே அரை மணியில் அடுப்பாகிவிடும், நாய்க்கோ நம்மைப்போல் வியர்த்துத் தணியும் உடம்பு இல்லை. ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அவனுக்கும் கொதிக்கவைத்து ஆறவைத்தே கொடு. உன் பையில் இருக்கும் உலர்திராட்சையும் சாக்லேட்டும் அவனுக்கு விஷம், எட்டாத இடத்தில் வை. ராத்திரி அடியில் ஒரு கனமான விரிப்பு போடு, மேலே போர்த்துவதைவிட அதுதான் முக்கியம். தரை சூட்டை உறிஞ்சிவிடும். அவன் கழிவைப் பையில் கட்டித் திரும்ப எடுத்து வந்துவிடு, காட்டில் விட்டுவிட்டு வரும் ஆட்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. நாயை உள்ளே விடுகிற இடம்தானா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்.

உண்ணிக்கு மட்டும் சோம்பல்படாதே. சாயங்காலம் ஆனதும் காது மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடி, அக்குள், கால்விரல் இடுக்கு எல்லாம் விரலால் தடவிப் பார். சின்ன மிளகு மாதிரி தட்டுப்படும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மெதுவாக இழு. எண்ணெய் விடுவது, நெருப்பு காட்டுவது எல்லாம் வேண்டாம். செவலைக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும், தானே மல்லாந்து படுத்துவிடுவாள்.

உன் குட்டிக்கு இன்னும் தடுப்பூசிகள் பாக்கி இருக்கும். எல்லாம் முடியட்டும், எலும்பும் உறுதிப்படட்டும். அடுத்த கோடையில் நால்வரும் சேர்ந்தே போவோம். செவலையால் இனி அதிகம் ஏற முடியாது, அதனால் வண்டி போய் நிற்கிற இடமாகவே பார்த்து வைக்கிறேன். உன் முட்டிக்கும் அதுதான் நல்லது. எந்த மாதம் உனக்கு ஒழியும் என்று எழுது. குட்டிக்கு என்ன பெயர் வைத்தாய் என்று கடிதத்தில் எங்குமே சொல்லவில்லையே?

அன்புடன்,
உன் பழைய தோழன்