ஓட்டை போட்டால் மட்டும் போதாது: திருச்செங்கோடு ரிக் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருச்செங்கோடு வட்டார ரிக் (போர் போடும் வண்டி) உரிமையாளர்களுக்கும் டிரில்லர்களுக்கும், வணக்கம்.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1 ஜாவா ஸ்ட்ரீட் என்ற முகவரியில் 834 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு இருக்கிறது. அதன் அடியில் 320 போர்கள் (ஆழ்துளைகள்), ஒவ்வொன்றும் 499 அடி. 500 அடியைத் தாண்டினால் எண்ணெய்க் கிணற்றுக்கு உண்டான அனுமதியெல்லாம் வாங்க வேண்டும் என்று அந்த மாநிலத்தில் விதி இருந்தது. அதனால் ஓரடி முன்பாகவே, பாறையை அடித்துத் துளைக்கும் ஹேமரை நிறுத்தினார்கள். 2023ல்தான் அந்த விதி தளர்ந்தது. ஆயிரம் அடியைச் சாதாரணமாக இறக்கும் உங்களுக்கு 499 அடி ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அந்த 320 போர்களில் ஒன்றில்கூடத் தண்ணீர் எடுப்பதில்லை. உள்ளே பிளாஸ்டிக் குழாய் போய்த் திரும்புகிறது. குளிர்காலத்தில் நிலத்தின் சூட்டை வீட்டுக்குக் கொண்டுவருகிறது, கோடையில் வீட்டின் சூட்டை நிலத்தில் கொண்டுபோய் விடுகிறது. மேலே இருக்கும் இயந்திரத்துக்கு ஹீட் பம்ப் என்று பெயர். ஃபிரிட்ஜ் செய்யும் அதே வேலைதான்.

2025 செப்டம்பரில் மத்திய அரசு புவிவெப்பக் கொள்கையை வெளியிட்டது. மண்ணுக்குள் குழாய் இறக்கும் இந்த ஹீட் பம்புகளும் அதில் இடம்பெற்றிருக்கின்றன. ஆகவே இந்தப் பேச்சு இனி உங்கள் காதுக்கும் வரும். 'ஆயிரக்கணக்கில் போர் இருக்கிறது, புது வண்டி எடுங்கள்' என்று யாராவது சொல்லிக்கொண்டு வருவதற்குள், இந்தத் தொழிலின் சரக்கு எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது, உங்கள் வண்டிக்கு இதில் என்ன இடம் என்பதைச் சொல்லிவிட விரும்புகிறோம்.

இயந்திரம் செய்பவர்கள் சிலர்தான். அமெரிக்காவில் பெரிய பெயர்களான வாட்டர்ஃபர்னஸ், கிளைமேட்மாஸ்டர் இரண்டும் இன்று ஸ்வீடனின் நீபே நிறுவனத்துக்குச் சொந்தம். இயந்திரத்துக்கான கம்ப்ரசரும் தகட்டு வெப்பமாற்றியும் ஏசி தொழிலுக்கும் பொதுவானவை என்பதால் அங்கே பஞ்சம் வந்தாலும் சில மாதங்களில் தீரும். 2025ல் அமெரிக்கா ஆர்-410ஏ என்ற குளிரூட்டும் வாயுவை விட்டு ஆர்-454பி வாயுவுக்கு மாறியபோது சிலிண்டர் கிடைக்காமல் கோடையில் பல வேலைகள் நின்றன, பிறகு சீரானது. போர் போடும் ஆளும் வண்டியும் அப்படிச் சில மாதத்தில் முளைப்பதில்லை. செலவில் பெரும்பங்கும் மண்ணுக்குள்தான் போகிறது. இந்தத் தொழிலின் கழுத்து இறுகுகிற இடம் போர்தான், அது உங்கள் தொழில். ஆனால் வேலை கொடுப்பவர்கள் காசு கொடுப்பது ஓட்டைக்கு அல்ல, கசியாத, இடைவெளி இல்லாத, வருடக்கணக்கில் சூடு கடத்தும் ஒரு லூப்புக்கு, அதாவது போருக்குள் போய்த் திரும்பும் அந்தக் குழாய்ச் சுற்றுக்கு. இந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் சந்தை. இது மானியத்தோடு ஏறி மானியத்தோடு இறங்கும் சந்தை. ஜெர்மனியில் எல்லா வகை ஹீட் பம்பும் சேர்த்து 2023ல் சுமார் 3,56,000 விற்றன. அடுத்த ஆண்டு அது சுமார் 1,93,000. சட்டம் மாறுமா, மானியம் கிடைக்குமா என்ற குழப்பமே அதற்குப் பெரிய காரணம். அமெரிக்காவில் வீட்டுக்காரருக்குக் கிடைத்த 30 சதவீத வரிச்சலுகை 2025 டிசம்பர் 31உடன் முடிந்தது. வணிகக் கட்டடங்களுக்கான சலுகை தொடர்கிறது. அதனால் அங்கே தனி வீட்டு வேலை சுருங்கி, கல்லூரி வளாகம், அடுக்குமாடி, லூப்பை நிறுவனமே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வாடகைக்கு விடும் ஏற்பாடு என்று வேலை நகர்கிறது. மாசசூசெட்ஸின் ஃப்ராமிங்ஹாமில் 2024ல் ஒரு எரிவாயு நிறுவனமே தெருவுக்கு அடியில் பொது லூப் போட்டு வீடுகளை இணைத்தது. இண்டியானாவின் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 3,600 போர்கள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இனி வரும் வேலை இந்த மாதிரிதான்: ஒரே மனையில் நூறு, இருநூறு போர். மானியத்தை நம்பி வங்கிக் கடனில் புது வண்டி எடுக்காதீர்கள் என்பதே இதிலிருந்து நாங்கள் சொல்லும் முதல் சொல்.

உங்கள் வண்டியை அப்படியே ஐரோப்பாவுக்கு அனுப்பலாமா என்றால், முடியாது. அங்கே எஞ்சின் புகைக்கு ஸ்டேஜ் 5 விதி இருக்கிறது. வீட்டுத் தோட்டத்துக்குள் நுழையும், பட்டைச் சக்கரத்தில் நகரும் சிறிய கிராலர் ரிக்தான் ஓடும். கல்தூளும் சேறும் ஒரு சொட்டு வெளியே போகாமல் தொட்டியில் பிடிக்க வேண்டும். ஆனால் ஸ்வீடனின் பாறையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கிரானைட்டும் நைஸ் என்னும் பாறையும், நம் கொங்குச் சீமையின் பாறைக்குச் சொந்தக்காரன். அடிப்பதும் அதே ஹேமர், அதே பட்டன் பிட் (ஹேமரின் நுனியில் உள்ள, கார்பைடு குமிழ்கள் பதித்த தலை). அங்கே போர் விட்டம் 115 மில்லிமீட்டர், நம் கணக்கில் நாலரை இன்ச். ஒருகாலத்தில் நம் ஊரிலும் சாதாரணமாக ஓடிய அளவுதான். ஆறரை இன்ச்சுக்குப் பழகிய கை மீண்டும் நாலரைக்கு வர வேண்டும்.

ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். 40 மில்லிமீட்டர் குழாய் இரண்டு இறங்கியபின் எஞ்சும் இடத்தைக் கிரவுட்டால், அதாவது குழைத்து ஊற்றி இறுகும் அடைப்புக் கலவையால், நிரப்ப வேண்டும். ஆறரை இன்ச் போரில் 100 மீட்டருக்குச் சுமார் 1,890 லிட்டர் கிரவுட் போகும். நாலரை இன்ச் போரில் சுமார் 790 லிட்டர். பாதிக்கும் குறைவு. சூடு கடக்க வேண்டிய கிரவுட்டின் தடிமனும் குறைகிறது. பிட் செலவுக்கும் இது முக்கியம். 2025 பிப்ரவரியில் சீனா டங்ஸ்டன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. டங்ஸ்டனில் செய்யும் கார்பைடு பட்டன் விலையை அது எங்கே தொடும் என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது வேலைக்கு வருவோம். தண்ணீர் போரில் ஊற்று அடித்தால் மகிழ்ச்சி, புழுதி பறந்தால் துக்கம். இங்கே புழுதி பறந்தாலும் கூலி உண்டு. ஊற்று அடித்தால்தான் கவனம் கூட வேண்டும், ஓடும் நீர் கிரவுட்டைக் கரைத்துக்கொண்டு போய்விடும். வெடிப்புள்ள பாறையில் இன்னொரு ஆபத்து: ஆறு மீட்டர் தள்ளி அடுத்த போரை அடிக்கும்போது கம்ப்ரசர் காற்று வெடிப்பு வழியாக ஓடி, நேற்று நிரப்பிய போரின் கிரவுட்டைப் பொங்க வைக்கும். அதனால் வரிசையாக அடிக்காமல் இடம் விட்டு இடம் அடியுங்கள். கிரவுட் இறுகியபின் நடுவில் உள்ளதற்கு வாருங்கள்.

சாய்வையும் மறக்கக் கூடாது. தண்ணீர் போர் கொஞ்சம் சாய்ந்தால் மோட்டார் இறங்கினால் போதும் என்று விட்டுவிடுவோம். இங்கே 100 மீட்டரில் 5 சதவீதம் சாய்ந்தால் அடியில் 5 மீட்டர் விலகும். பக்கத்துப் போரோடு முட்டும், அல்லது இரண்டும் ஒரே பாறையின் சூட்டுக்குப் போட்டி போடும். தேய்ந்த பிட்டோடு அமுக்கி ஓட்டுவதுதான் பெரும்பாலும் காரணம். அடி ரேட்டுக்கு ஓடும் வண்டியில் இந்த அவசரம் வருவது இயல்பு. அதனால்தான் கூலி பேசும் விதத்தையே மாற்றச் சொல்கிறோம், அதற்குப் பிறகு வருகிறோம்.

குழாய் பிஇ100 தர ஹெச்டிபிஇ (கெட்டிப் பிளாஸ்டிக்), முழுச் சுற்றும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். போருக்குள் இணைப்பே கூடாது. அடியில் குழாய் திரும்பும் யு-பெண்ட் தொழிற்சாலையிலேயே ஒட்டிச் சோதித்து வந்ததாக இருக்கட்டும். நம் ஊர் பைப் கடையில் அது கிடைக்காது, முன்கூட்டிச் சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டும். ஹெச்டிபிஇ தண்ணீரில் மிதக்கும், ஆகவே குழாயில் தண்ணீர் நிரப்பி, அடியில் எடை கட்டி இறக்குங்கள். வெற்றுக் குழாயை இறக்கிக் கிரவுட் ஊற்றினால் என்ன ஆகும்? தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனமான கிரவுட் 100 மீட்டர் ஆழத்தில் 15 பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 15 மடங்கு) அழுத்தம் தரும். உள்ளே தண்ணீர் இருந்தால் 10 பார் எதிர்த்து நிற்கும், குழாய் தாங்க வேண்டியது 5 பார்தான். உள்ளே காற்று என்றால் முழு 15 பாரும் குழாயின் மேல். நசுங்கினால் வெளியே எடுக்க வழியே இல்லை.

கிரவுட்டைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். வெறும் பெண்டோனைட் (நீரில் ஊறி உப்பும் களிமண்) கலவை சூட்டைச் சரியாகக் கடத்தாது, 0.7 அளவில் நிற்கும் (மீட்டருக்கு, டிகிரிக்கு, வாட்டில்). நல்ல கிரானைட் 3ஐ ஒட்டி நிற்கும். நடுவில் 0.7 உள்ள போர்வையைச் சுற்றினால் பாறை நல்லதாக இருந்து என்ன பயன்? அதற்காகத்தான் சிலிக்கா மணல் சேர்த்து 1.7 வரை ஏற்றுகிறார்கள். மணல் சேர்ந்த கலவை கெட்டியாக இருக்கும், பம்ப் திணறும். அப்போது ஆட்கள் ஒரு குடம் தண்ணீரைக் கூட ஊற்றிவிடுவார்கள். பம்ப் லேசாக ஓடும், மணல் அடியில் தங்கும், மேல்பாதி நீர்த்துப் போகும். அன்றைக்கு யாருக்கும் தெரியாது. மூன்றாவது குளிர்காலத்தில் வீட்டுக்காரருக்குத் தெரியும். தண்ணீரை அளந்த பாத்திரத்தில் மட்டும் ஊற்றுங்கள். ஒவ்வொரு கலவையையும் எடை பார்த்து எழுதுங்கள்.

ஊற்றுவது மேலிருந்து அல்ல. தனிக் குழாயை அடிவரை இறக்கி, கீழிருந்து மேலாகத் தள்ள வேண்டும். தொட்டியில் கலந்த அதே கனத்தில் மேலே வழியும்போதுதான் நிறுத்த வேண்டும். கணக்குப்படி 790 லிட்டர் போக வேண்டிய போரில் 500லேயே வழிந்தால் நடுவில் எங்கோ அடைத்து வெற்றிடம் விட்டிருக்கிறது என்று பொருள். 1,200 போயும் வழியவில்லை என்றால் வெடிப்பு குடிக்கிறது. மறுநாள் போய்ப் பார்த்து, இறங்கியிருந்தால் நிரப்புங்கள். இது சூட்டுக்கு மட்டும் செய்வதல்ல. மேல்மண் அழுக்கு கீழ்ப்பாறை நீரில் கலக்காமல் காப்பதும் இந்த அடைப்புதான். ஸ்வீடனில் போரைக் கிரவுட் போடாமல் நிலத்தடி நீரோடு விடுகிறார்கள், ஆனால் அங்கே கேசிங் (மேல்மண் சரியாமல் இறக்கும் உறைக்குழாய்) குறைந்தது 6 மீட்டர், அதில் 2 மீட்டர் கெட்டிப் பாறைக்குள் போய் அடைபட வேண்டும் என்று விதி இருக்கிறது. மண் கேசிங்கைப் பாறைமேல் சும்மா உட்கார வைத்துவிட்டு வரும் பழக்கத்துக்கு அங்கே இடமில்லை.

கடைசியில் லூப்பில் உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். குழாயில் நீர் விநாடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் ஓடினால்தான் குமிழி கீழே இறங்கி மறுபக்கம் ஏறி வெளியே வரும். 40 மில்லிமீட்டர் குழாய்க்கு அது நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர், ஒரு லூப்புக்கு. பத்து லூப்பை ஒன்றாக இணைத்து ஒரு சின்ன மோட்டாரால் தள்ளினால் காற்று உள்ளேயே நிற்கும்.

நம் நாட்டில் இந்த வேலை எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டுச் சமவெளியில் இதை விற்காதீர்கள். இங்கே ஆழத்து மண்ணே 28 டிகிரியை ஒட்டி இருக்கிறது. ஆண்டு முழுக்க ஏசியின் சூட்டை உள்ளே தள்ளுவோம், எடுக்கக் குளிர்காலம் கிடையாது, போர்கள் உள்ள நிலம் ஆண்டுக்கு ஆண்டு சூடேறும். நல்ல இன்வெர்ட்டர் ஏசிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் போர்ச் செலவைத் திருப்பித் தராது. சென்னை, கோவை வீடுகளுக்கு இதைச் சொல்லி விற்பவர் யாராக இருந்தாலும் உங்கள் பெயரைக் கெடுக்கிறார். தேவை இருப்பது லடாக், காஷ்மீர், இமாச்சலம் மாதிரி குளிர் கடித்து எடுக்கும் இடங்களில்.

அங்கேயும் நம் ஊர்ப் பழக்கம் அப்படியே செல்லாது. லே 3,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 1100 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) கம்ப்ரசர் அங்கே உள்ளிழுக்கும் காற்றின் எடை அந்த அளவுக்குக் குறையும், டீசல் எஞ்சினும் மூச்சு வாங்கும். ஹேமர் மெதுவாக அடிக்கும், தூள் மேலே வராது, ராடு சிக்கும். அதுபோக லேயின் மண்ணில் உருண்டைக் கற்கள் அதிகம், துளையோடு கேசிங்கும் கூடவே இறங்கும் எக்சென்ட்ரிக் பிட் இல்லாமல் போகக் கூடாது. ஸ்ரீநகர் பள்ளத்தாக்கில் களிமண்ணும் ஏரிப்படிவும், அங்கே ஹேமருக்கு வேலையே இல்லை, சேற்றுநீரை ஓடவிட்டுச் சுழன்று துளைக்கும் ரோட்டரி வேண்டும்.

சரக்கைப் பொறுத்தவரை நாம் ஏழைகள் அல்ல. பெண்டோனைட் குஜராத்தின் கட்ச்சில் விளைகிறது, உலகத்துக்கே போகிறது. பிஇ100 குழாய் இங்கேயே செய்கிறார்கள். கிரவுட்டில் மணலுக்குப் பதிலாகக் கிராஃபைட் கலந்து சூட்டுக்கடத்தலை உயர்த்தும் முறை வெளிநாட்டில் இருக்கிறது. சிவகங்கையில் நம் மாநில அரசு நிறுவனமே கிராஃபைட் எடுக்கிறது. அது கிரவுட்டுக்கு ஒத்துவருமா என்று ஒரு கல்லூரி ஆய்வகத்தோடு சேர்ந்து சோதித்துப் பார்க்க வேண்டியது நம் கடமை.

உங்கள் சங்கங்களிடம் கேட்பது இதுதான். ஒரே ஒரு பழைய வண்டியை நாலரை இன்ச்சுக்கு மாற்றுங்கள். ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவுக்குக் குழாய் ஒட்டுதலும் கிரவுட் கலவையும் பழக்குங்கள். ஹீட்டர் பிளேட் 200 முதல் 230 டிகிரிக்குள் இருக்க வேண்டும், கல்தூள் பறக்கும் இடத்தில் ஒட்டக் கூடாது, இவை ஒரு வாரத்தில் பழகும் வேலை. ரேட் பேசும்போது துளைக்கு ஒன்று, லூப்புக்கும் கிரவுட்டுக்கும் ஒன்று, சோதனைக்கு ஒன்று என்று பிரித்துப் பேசுங்கள். மொத்தத்தையும் அடி ரேட்டில் அடக்கினால் முதலில் வெட்டுப்படுவது கிரவுட்தான். எந்த அடியில் என்ன பாறை, எங்கே ஊற்று, எத்தனை லிட்டர் கிரவுட் என்று ஒவ்வொரு போருக்கும் ஒரு தாள் எழுதுங்கள். போர் அடைப்புக்கு விதி வகுக்கும்படி நிலத்தடி நீர்த் துறையிடம் நீங்களே போய்க் கேளுங்கள். விதி வரும்போது உங்கள் அனுபவம் அதில் இருக்க வேண்டும்.

தொடக்கமாக உங்கள் யார்டிலேயே 100 மீட்டரில் ஒரு போர் போடுங்கள். லூப் இறக்கி, கிரவுட் நிரப்பி, ஐந்து நாள் தொடாமல் விடுங்கள். பிறகு 6 கிலோவாட் ஹீட்டரும் ஒரு பம்பும் வைத்து 48 மணி நேரம் சூடான நீரைச் சுற்றவிட்டு, போகும் நீர், வரும் நீர் இரண்டின் வெப்பத்தையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். கரண்ட் ஏறி இறங்கினால் சோதனை வீண், ஆகவே ஜெனரேட்டரில் ஓட்டுங்கள். அந்த எண்களை எங்களுக்கு அனுப்பினால், உங்கள் பாறை எவ்வளவு சூடு கடத்துகிறது என்று கணக்குப் போட்டுத் தருகிறோம். சோதனை முடிந்ததும் குழாயின் வாயை மூடி வையுங்கள், புதிதாகச் சேரும் ஆட்களுக்கு அழுத்தச் சோதனை பழக்க அந்தப் போர் உதவும்.

இப்படிக்கு,
நில வெப்பத் தொழிலில் இருக்கும் பொறியாளர்கள் சிலர்