பிறந்த ஊரையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் ஆர்க்கிப் குயிண்ட்ஜி பற்றிய கட்டுரை படித்தேன். கிரீமியக் கடலோரத்துப் பழைய தாத்தார் இனத்தவர் குடிலை அவர் வரைந்ததை அழகாகச் சொன்ன கட்டுரை, அவரை வெறுமனே ‘ரஷ்ய ஓவியர்’ என்றது வருத்தம் தந்தது. அவர் ஓவியம் பயின்றது ரஷ்யாவில்தான், சரி. ஆனால் பிறந்தது உக்ரைனின் அசோவ் கடலோர மரியுபோலில், கிரேக்கக் குடும்பத்தில். அங்கே அவர் பெயரிலான அருங்காட்சியகம் 2022 மார்ச்சில் குண்டுவீச்சில் சிதைந்தது.

நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் அவருடைய ‘சிவப்பு அஸ்தமனம்’ முன் நெடுநேரம் நின்றிருக்கிறேன். மேகமெல்லாம் தணலாகக் கனன்றது. அந்த அருங்காட்சியகமே 2023-ல் அவரை உக்ரைனியர் என்று திருத்திவிட்டது. இனி ஓவியங்களை வெளியிடும்போது, படக்குறிப்பில் ஓவியர் பிறந்த ஊரையும் சேர்த்து அச்சிடுங்கள்.

– ஒரு வாசகர்