மேற்கு ஆஸ்திரேலியாவுல, கைகுனாவுல எங்களுக்காக நின்னவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். நேத்து ராத்திரி பெர்த் வந்து சேந்துட்டோம், ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். வழியில எங்க வண்டி விபத்துல சிக்குனது உங்கள்ல முக்காவாசி பேருக்கு அப்பவே தெரியும், அதைத் திரும்ப எழுத இன்னும் மனசு வரல, அதனால நேரா நன்றிக்கு வந்துடுறேன்.

தெற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போற வழியில இருக்கிற நல்லார்பர் வறண்ட சமவெளியில கேம்பர் வேன்ல போகணும்ங்கிறது என் மனைவியோட ரொம்ப நாள் ஆசை. அங்க ஹெட் ஆஃப் பைட்ங்கிற கடற்கரையில திமிங்கலம் குட்டியோட கரைக்குப் பக்கத்துலயே வரும், ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும்தான் பாக்க முடியும்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டே இருந்தா. அதுக்குத்தான் கிளம்புனோம். ஒரு வளைவு கூட இல்லாம 146.6 கிலோமீட்டர் ஓடுற அந்த நேர் ரோட்டோடயே எங்க பயணம் முடிஞ்சுது.

ராத்திரி கைகுனா ரோட்ஹவுஸ் (ஹைவேல பெட்ரோல், சாப்பாடு, தங்க இடம் கிடைக்கிற இடம்) வந்து சேந்தப்போ இவ தலைமுடி பூரா உடைஞ்ச கண்ணாடி. கல் உப்பு மாதிரி பொடிப்பொடியா உள்ள போய் ஒக்காந்துருக்கு, கையை வச்சா குத்துது. இவளால வலது கையைத் தூக்கவே முடியல, ஷவருக்குக் கூட்டிட்டுப் போலாம்னா எந்திரிச்சு நிக்கவே பயப்படுறா, நான் என்ன பண்றதுன்னு தெரியாம பக்கத்துல நின்னுட்டு இருந்தேன்.

பக்கத்து கேரவன்ல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. எழுபது வயசுக்கு மேல இருக்கும். எதுவும் விசாரிக்கல. ஒரு மடக்கு சேரைப் போட்டு இவளை ஒக்கார வச்சு, தோள்ல ஒரு கருப்பு டவலைப் போத்துனாங்க. எதுக்கு கருப்புன்னா, விழுற துண்டு டார்ச் வெளிச்சத்துல மின்னும், ஒண்ணையும் விட்ற மாட்டோம். நெத்தியில டார்ச்சைக் கட்டிக்கிட்டு முடியைக் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு, சீப்பை நுனியில இருந்து மெதுவா மேல கொண்டு போயி, ஒரு மணி நேரத்துக்கு மேல ஒவ்வொண்ணா எடுத்தாங்க. அப்புறம் கெட்டில்ல சுடவச்சு, விளாவி, டீ கப்பால மொண்டு மொண்டு ஊத்துனாங்க. அந்தப் பாலைவனத்துல தண்ணிங்கிறது என்னன்னு அந்த ரோட்டுல போனவங்களுக்குத் தெரியும். அவங்க டேங்க் தண்ணி, கிழக்க இருக்கிற செடூனா ஊர் வரைக்கும் 800 கிலோமீட்டருக்கு மேல அவங்களுக்கே வேணும். உங்களுக்குப் பத்துமான்னு கேட்டேன். அது எங்க கவலை, நீ டார்ச்சைப் பிடின்னாங்க.

அடிபட்டதுல இருந்து நடுங்கிட்டே இருந்தவ, அந்த அம்மா வயித்துல தலையைச் சாச்சு அப்படியே தூங்கிட்டா. ஊர்ல இருந்து இவ அம்மா வந்திருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பாங்க.

லாரிக்காரங்க பேசிக்கிற ரேடியோ சேனல் 40ல எங்களுக்காகப் பேசி, உதவி வர்ற வரைக்கும் தன் ரோடு ட்ரெயினை (பல ட்ரெய்லர் கோத்த நீள லாரி) ஓரங்கட்டி நின்ன டிரைவர் அண்ணன், போன்லயே ஒவ்வொண்ணா கேட்டு தைரியம் சொன்ன ஃப்ளையிங் டாக்டர் (விமானத்துல வர்ற மருத்துவ சேவை) ஆளுங்க, கணக்கு பாக்காம சூப் கொடுத்த ரோட்ஹவுஸ் பொண்ணு, நார்ஸ்மன் ஊர்ல இருந்து கிட்டத்தட்ட 370 கிலோமீட்டர் வந்த டோ டிரக்காரர், பெர்த்ல எங்க வீட்டுச் சாவியை வாங்கி சமைச்சு வச்சிருந்த நம்ம பசங்க, எல்லாருக்கும் கோடி நன்றி. கைகுனாவுல கடிகாரம் பெர்த்தை விட 45 நிமிஷம் முன்னாடி ஓடும், அது தெரியாம நான் கண்ட நேரத்துல போன் அடிச்சும் எடுத்துப் பேசுனீங்க.

ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். இனிமே எந்த ரோட்டுல போனாலும் எங்களுக்குத் தேவையானதுக்கு மேல ஒரு இருபது லிட்டர் கேன் வண்டியில இருக்கும், ஓரமா ஒரு வண்டி நின்னா கண்டிப்பா நிறுத்துவேன். பொழுது சாஞ்சதுக்கப்புறம் அங்க வண்டி ஓட்டவே மாட்டேன்.

அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாதுதான், இருந்தாலும் எனக்கு அழுகையும் நன்றியும் இந்த பாஷையிலதான் வருது. விடியறதுக்குள்ள கிளம்பிட்டாங்க, பேரு கூட கேக்கல. வெள்ளை கேரவன், கூட வீட்டுக்காரரு, ஒரு கிழட்டு நாய். கிழக்க போற நம்ம ஆளுங்க யாராவது பாத்தா சொல்லுங்க, அவங்க மரச்சீப்பு எங்ககிட்டயே இருக்கு. இன்னிக்குக் காலையில இவ அதுலதான் தலை வாருனா.