பந்தியில் வரும் வழக்குகள்: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

வழக்கறிஞராகப் பதிவுசெய்து எட்டு மாதங்கள்கூட ஆகாத நிலையில், ஃபீஸ் தந்த கட்சிக்காரர்களைவிட ஓசியில் யோசனை கேட்ட உறவினர்களே அதிகம் என்று எழுதியிருந்தாய். முடியாது என்று சொன்னால் "படித்த திமிர்" என்பார்கள், சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் மிஞ்சாது என்ற உன் சங்கடம் எனக்குப் புரிகிறது. இதில் போகிற பணத்தைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. காகிதத்தைப் பார்க்காமல் வாயால் சொல்லிவிடுகிற பதிலைத்தான் அஞ்சுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில், பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்து இலையில் அமர்ந்திருந்த நம் உறவினர் ஒருவர், மூன்று லட்ச ரூபாய்க்கு வாங்கிய காசோலை போன வாரம் பணமில்லாமல் திரும்பிவிட்டதாகச் சொன்னார். "நோட்டீஸ் அனுப்ப 30 நாள் இருக்கிறது, அடுத்த வாரம் ஆபீசுக்கு வாருங்கள்" என்று சொல்லிவிட்டு நான் பாயசத்தைக் கவனித்தேன். சட்டப்படி நான் சொன்னது சரி. செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு, காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்பச் சொல்கிறது. ஆனால் அவர் சொன்ன "போன வாரம்" சரியில்லை. காசோலை திரும்பியதைத் தெரிவிக்கும் வங்கி மெமோவை அவருடைய மகன் கடையில் கையெழுத்துப் போட்டு வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டான்; அது அப்பாவின் கண்ணில் பட்டதுதான் போன வாரம். அடுத்த வியாழக்கிழமை அவர் மெமோவோடு வந்தபோது நாட்களை எண்ணினேன். பந்தியில் பேசிய அன்று இரண்டு நாட்கள் மிச்சமிருந்திருக்கின்றன. காசோலையை மறுபடி வங்கியில் போடலாம் என்றால் அதன் மூன்று மாத ஆயுளும் முடிந்திருந்தது. புகார் மனுவைத் தாக்கல் செய்வதில் ஏற்படும் தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம்; இந்த அறிவிப்புக்கான கெடு தவறினால் அந்த வழியில்லை. கடைசியில் நீதிமன்றக் கட்டணம் கட்டி உரிமையியல் வழக்குப் போட வேண்டியதாயிற்று. அந்த வழக்கை நான் ஃபீஸ் வாங்காமல்தான் நடத்தினேன். பெருந்தன்மையால் என்று அவர் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, "காகிதத்தில் என்ன தேதி போட்டிருக்கிறது?" என்பதுதான். உனக்கு இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் பட்டாவின் படம் ஒன்று வருகிறது, கீழே "இடம் வாங்கலாமா?" என்று ஒரு வரி. பட்டா வருவாய்த்துறைப் பதிவு. அது மட்டுமே உரிமையை நிலைநாட்டிவிடாது. இடம் முன்பு கைமாறி வந்ததைக் காட்டும் தாய்ப்பத்திரம் வேண்டும், அதன் மேல் பதிவான கிரயம், அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று வேண்டும். பதிவு செய்யாத உயில் எதுவும் அந்தச் சான்றில் தெரியாது என்பதால் முந்தைய உரிமையாளர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகள் யார் யார் என்றும் விசாரிக்க வேண்டும். அந்த ஒரு படத்தைப் பார்த்து நீ "சரி" என்று தட்டச்சு செய்தால், அவர்கள் முன்பணம் கொடுக்கப் போவது உன் அந்த ஒரு சொல்லை நம்பித்தான். மூலப் பத்திரங்களோடு நேரில் வரச் சொல். பாதிப்பேர் வரமாட்டார்கள்.

இதைவிடச் சிக்கலானது பாகப்பிரிவினை. அண்ணன் உன்னிடம் வந்து, "தங்கைக்குப் பங்கு உண்டா?" என்று கேட்பார், ஒரு மாதம் கழித்து அதே தங்கை உன்னைத் தேடி வருவாள், ஏனென்றால் அவளுக்கும் நீதான் உறவு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு தர இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த 1989-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் மணமான பெண்களை விலக்கி வைத்ததையும், 2005 செப்டம்பர் 9 முதல் நடப்புக்கு வந்த மத்தியச் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை என்பதையும், அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியதையும் நீ படித்திருப்பாய். சொத்து பூர்வீகமா, தந்தையே சம்பாதித்த சுயார்ஜிதமா, அந்த மத்தியச் சட்டம் கலைக்காதபடி 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பத்திரம் இருக்கிறதா என்பதையெல்லாம் அண்ணன் வாயால் மட்டும் கேட்டுப் பதில் சொல்லாதே. ஃபீஸ் வாங்காவிட்டாலும் அவர் உன்னை வழக்கறிஞராக எண்ணிச் சொன்ன இரகசியம் இரகசியம்தான். அதைக் கேட்டுக்கொண்ட பிறகு தங்கைக்காக வக்காலத்துப் போட உனக்கு முகம் இருக்காது. ஆகவே கதை தொடங்கும் முன்பே, "உங்கள் இருவருக்கும் நான் வேண்டாம், வேறு வக்கீலைச் சொல்கிறேன்" என்று நிறுத்திவிடு. அன்று வருகிற கோபம் ஒரு பொங்கலோடு போய்விடும்.

ஃபீஸைப் பொறுத்தவரை, பத்து நிமிடத்தில் முடிகிற விளக்கத்துக்கு உறவிடம் நான் வாங்குவதில்லை; நோட்டீஸ் எழுத வேண்டும், பத்திரம் படிக்க வேண்டும் என்றால் தொகையை முதலிலேயே குமாஸ்தாவை விட்டுச் சொல்லச் சொல்வேன், ஏனென்றால் எனக்கே வாய் வராது. உண்மையிலேயே வசதியில்லாதவர்களிடம் தயங்காமல் இலவசமாகச் செய். பெண்களுக்கு வருமானம் எதுவானாலும் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இலவச சட்ட உதவி பெறும் தகுதி உண்டு என்பதை நம் வீட்டிலேயே பலர் அறியார்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போ.

உன் சின்னப் பாட்டி நேற்று ஒரு மஞ்சள் பையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மடிப்புகளில் கிழிந்த கிரயப் பத்திரம் ஒன்றும், கிணற்றுப் பாத்தியதை பற்றிய கைச்சீட்டு ஒன்றும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை பேருந்தில் வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன். இரண்டையும் முழுவதும் படித்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் சொல். அதற்கு முன் பாட்டியிடம் எதுவும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
மாமா